லாஸ்பேட்டையில் இருக்கும் அந்த ‘லாஸ்’ யார்?

புதுச்சேரி விமான நிலையம் எங்கே என்றால் எல்லோரும் லாஸ்பேட்டை என்று சொல்லிவிடுவார்கள். பேட்டை நமக்குப் பழகிய சொல். முத்தியால்பேட்டை, முதலியார்பேட்டை என்று இங்கேயே அக்கம்பக்கத்தில் இருக்கின்றன. அதற்கு முன்னால் நிற்கும் ‘லாஸ்’ என்ன என்று கேட்டால் பேச்சு கொஞ்சம் தடுக்கும். அது ஒரு குடும்பத்தின் பெயர். ஸ்காட்லாந்திலிருந்து பாரிஸ் போய், அங்கிருந்து வங்காளம் வழியாகப் புதுச்சேரிக்கு வந்த குடும்பம். அந்தக் குடும்பத்தில் ஒருவர், அதுவும் இதே புதுச்சேரியில் பிறந்தவர், உலகப் புகழ்பெற்ற ஒரு ரஷ்ய நாவலுக்குள்ளும் போய்ச் சேர்ந்திருக்கிறார்.

ஒரு குடும்பப் பெயர் எப்படி ஊர்ப்பெயராகிறது, எப்படிக் கதைக்குள் நுழைகிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து நம் பக்கத்தில் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு அடிப்படையைப் பார்த்துவிட வேண்டும்.

தமிழரான நமக்குப் பெரும்பாலும் குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து தலைப்பெழுத்தாக நிற்கும். சிலருக்கு அதற்கும் முன்னால் ஊரின் எழுத்து. அடுத்த தலைமுறையில் அந்த எழுத்து மாறிவிடும். தாத்தாவுக்கும் பேரனுக்கும் பொதுவான பெயர் என்று காகிதத்தில் எதுவும் மிஞ்சாது. பிள்ளை, முதலியார், செட்டியார், ரெட்டியார் என்பவை பட்டங்கள். அவை ஒரு சமூகத்தைச் சொல்லும், ஒரு குடும்பத்தைச் சொல்லாது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்த எழுத்தாளர் த. ஜெயகாந்தன் என்றால், ‘த’ அவருடைய அப்பா தண்டபாணி. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் 1906இல் பிறந்த புதுமைப்பித்தனின் இயற்பெயர் சொ. விருத்தாசலம். ‘சொ’ அப்பா சொக்கலிங்கம். விருத்தாசலமோ கடலூர் மாவட்டத்தில் இருக்கும் ஊரின் பெயர். ஊர்ப்பெயரே பிள்ளையின் பெயராகிவிட்டது.

ஐரோப்பாவில் இது வேறு மாதிரி. அப்பாவின் குடும்பப் பெயர் அப்படியே பிள்ளைக்கும் பேரனுக்கும் போகும். அதனால் ஒரு பெயரைச் சொன்னால் நான்கு தலைமுறை ஆட்கள் அதற்குப் பின்னால் நிற்பார்கள். புதுச்சேரியில் இந்த வழக்கம் சட்டத்தின் வழியாகவே சில தமிழ்க் குடும்பங்களுக்குள் வந்தது. இந்து, முஸ்லிம் சட்ட வழக்கங்களைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்க விரும்புகிறவர்களுக்கு 1881இல் ஒரு ஆணை வழி திறந்தது. அப்படித் துறந்தவர்கள் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்து பதிவேட்டில் எழுத வேண்டும். சிலர் பிரெஞ்சுப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். சிலர் அப்பா பெயரையோ தாத்தா பெயரையோ பிரெஞ்சு எழுத்தில் நிலைநிறுத்திக்கொண்டார்கள். இன்றும் பழைய புதுச்சேரிக் குடும்பங்களின் பிறப்புச் சான்றிதழில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், சொந்தப் பெயருக்கு ஒரு கட்டம் என்று தனித்தனியாக இருக்கும். பக்கத்திலிருக்கும் கடலூர்க்காரருக்கு அந்த முதல் கட்டத்தை எப்படி நிரப்புவது என்பதே குழப்பமாக இருக்கும்.

இந்த வேறுபாடு தெருப்பெயர்களில் தெளிவாகத் தெரியும். நம்மவர் பெயரில் இருக்கும் வீதி, ஆளின் பெயரைச் சொல்கிறது: ரங்கப்பிள்ளை வீதி, பாரதி வீதி. பிரெஞ்சுக்காரர் பெயரில் இருக்கும் வீதி பெரும்பாலும் குடும்பப் பெயரை மட்டும் சொல்கிறது: துமா வீதி, சுஃப்ரேன் வீதி. ரங்கப்பிள்ளை என்றால் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகருமாக, இருந்து, 1736 முதல் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப்பிள்ளைதான். வேறு யாரும் அங்கே இல்லை. குடும்பப் பெயரில் அமைந்த வீதியில் அப்படிச் சொல்லிவிட முடியாது. அந்தக் குடும்பத்தில் எந்த ஆள் என்று கேட்டாக வேண்டும்.

இப்போது லாஸ்பேட்டைக்கு வருவோம்.

எடின்பரோவில் வில்லியம் லா என்று ஒரு பொற்கொல்லர் இருந்தார். அந்தக் காலத்துப் பொற்கொல்லர்கள் வட்டிக்கும் பணம் கொடுப்பார்கள். சம்பாதித்த காசில் 1683இல் நகருக்கு வெளியே லாரிஸ்டன் என்ற நிலத்தை, அங்கிருந்த கோட்டைவீட்டோடு வாங்கினார். ‘லாரிஸ்டனைச் சேர்ந்த லா’ என்று சொல்லிக்கொள்ளும் தகுதி அந்தக் குடும்பத்துக்கு அப்படித்தான் வந்தது. இதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் ஒரு இடத்தின் பெயர் குடும்பத்தோடு ஒட்டுகிறது.

அவருடைய மகன் ஜான் லா. வரலாறும் பொருளாதாரமும் படித்தவர்களுக்குத் தெரிந்த பெயர். பிரான்சில் காகிதப் பணத்தைப் புழக்கத்தில் விட்டவர். பிரெஞ்சுக்காரரின் வணிகக் கம்பெனிகளை 1719இல் ஒன்றாக இணைத்தவரும் அவரே. புதுச்சேரியை ஆண்ட கம்பெனியும் அந்த இணைப்புக்குள் வந்தது. அடுத்த ஆண்டே, 1720இல், அவருடைய திட்டம் முழுவதும் சரிந்தது. பிரான்சை விட்டு ஓடி, 1729இல் வெனிஸில் இறந்துபோனார். புதுச்சேரிக்கு ஒரு நாளும் வந்ததில்லை. ஆனால் இங்கே வந்துபோன கப்பல்களின் கணக்குப் புத்தகத்தில் அவர் கை இருந்தது.

அவருடைய தம்பியின் பிள்ளைகள் இருவர் கம்பெனி வேலைக்கு இந்தியாவுக்கு வந்தார்கள். இளையவர் ழாக் லா. 1752இல் ஸ்ரீரங்கத்தில் ஆங்கிலேயரிடம் படையோடு சரணடைந்தவர் இவர். டூப்ளேயின் செல்வாக்கு சரிந்ததில் அந்தச் சரணுக்குப் பெரிய பங்கு உண்டு. மூத்தவர் ழான் லா. வங்காளத்தில் காசிம்பஜாரில் இருந்த பிரெஞ்சு வணிக நிலையத்தின் தலைவராக இருந்தவர், வங்காள நவாப் சிராஜ் உத் தௌலாவின் பக்கம் நின்றவர். லாஸ்பேட்டையின் லா இந்த மூத்தவர்தான்.

அவருக்கு ஏன் நம் ஊரில் பெயர் நிலைத்தது என்பதற்குக் காரணம் உண்டு. 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. கோட்டையையும் கட்டடங்களையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1763இல் பாரிஸ் உடன்படிக்கையின்படி ஊர் திரும்பக் கிடைத்தது. இடிபாடாகக் கிடந்த அந்த ஊரை 1765இல் பொறுப்பேற்று மறுபடி எழுப்பிய கவர்னர் ழான் லா தெ லோரிஸ்தோன். எடின்பரோவின் லாரிஸ்டன் பிரெஞ்சு வாயில் லோரிஸ்தோன் ஆகியிருந்தது. இடையில் சிறு இடைவெளி தவிர 1777 வரை அவரே கவர்னர். இன்று நாம் நடக்கும் கடற்கரைப் பக்கத்து வீதிகளின் உருவம் பெரும்பாலும் அந்த மறுகட்டுமானத்துக்குப் பிந்தியது.

பெயரில் வரும் ‘ஸ்’ பற்றியும் ஒரு வார்த்தை. ‘லாவின் பேட்டை’ என்பதை ஆங்கிலத்தில் சொன்னால் ‘லாஸ் பேட்டை’ என்று வரும். பலரும் அப்படித்தான் விளக்குகிறார்கள். ஆனால் பிரான்சில் இந்தக் குடும்பத்தின் பெயரை ஜான் லா காலத்திலிருந்தே ‘லாஸ்’ என்றுதான் உச்சரித்து வந்தார்கள். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஒரு ஊருக்கு பிரெஞ்சு உச்சரிப்பே ஒட்டியிருக்கும் என்பது எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுகிறது.

கதை இங்கே முடியவில்லை. கவர்னருக்கு 1768இல் புதுச்சேரியில் ஒரு மகன் பிறந்தான். பெயர் ழாக் அலெக்ஸாந்தர் பெர்னார். பிரான்சுக்குப் போய்ப் படையில் சேர்ந்து, நெப்போலியனின் தளபதிகளில் ஒருவரானார். பின்னாளில் பிரான்சின் மார்ஷல். 1811இல் ரஷ்யாவுக்குத் தூதராகப் போனார். 1812இல் நெப்போலியன் மாஸ்கோவைப் பிடித்து, எரிந்துபோன நகரத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தபோது, ரஷ்யத் தளபதி குத்தூஸவிடம் சமாதானம் பேச அனுப்பியது இவரைத்தான். குத்தூஸவ் மசியவில்லை.

தல்ஸ்தோயின் ‘போரும் அமைதியும்’ நாவலில் இந்தக் காட்சி வருகிறது. டி.எஸ். சொக்கலிங்கம் ‘போரும் வாழ்வும்’ என்று தமிழாக்கிய அதே நாவல்தான். அதில் லோரிஸ்தோன் என்ற பெயரைக் கண்டால் அது கற்பனைப் பெயர் என்று தாண்டிப் போய்விடாதீர்கள். அது எடின்பரோவுக்கு வெளியே இருந்த ஒரு நிலத்தின் பெயர். அதைச் சுமந்து நின்றவர் நம் புதுச்சேரி மண்ணில் பிறந்தவர். அவர் அப்பாவின் பெயரில் நமக்கு ஒரு பேட்டை. பாரிஸில் வெற்றி வளைவுச் சுவரில் லோரிஸ்தோன் என்று செதுக்கியிருக்கிறது. அதற்குப் பக்கத்தில் அவர் பெயரில் ஒரு வீதியும் உண்டு. இடம் குடும்பத்துக்குப் பெயர் கொடுத்தது. குடும்பம் வேறு இரண்டு இடங்களுக்குப் பெயர் கொடுத்தது. நாவல் அதை எடுத்துக்கொண்டது. குடும்பப் பெயரின் பயணம் என்று சொல்வது இதைத்தான்.

ஆக, ஒரு ஊர்ப்பெயரில் ஆள் பெயர் இருப்பதாகத் தோன்றினால் முதலில் திசையைக் கேட்க வேண்டும்: ஊரிலிருந்து ஆளுக்குப் போனதா, ஆளிலிருந்து ஊருக்கு வந்ததா? இதில் பெரிய ஆட்கள்கூட வழி தவறுவார்கள். நம் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்த மாஹேயைப் பாருங்கள். அந்த ஊரை 1725இல் பிடித்ததில் பங்கெடுத்தவர் மாஹே தெ லா பூர்தொன்னே. ஆகவே ஊருக்கு அவர் பெயர் என்று ஒரு கதை உண்டு. ஊரைப் பிடித்ததால்தான் அவருக்கே அந்தப் பெயர் வந்தது என்று தலைகீழாக இன்னொரு கதையும் உண்டு. மாஹே என்பது அவர் பிறந்த குடும்பத்தின் பெயர். ஊரின் மலையாளப் பெயர் மய்யழி. இரண்டும் காதுக்கு ஒன்றுபோல் கேட்பதால் வந்த மயக்கம் இது. ஆனால் இந்தியப் பெருங்கடலில் செஷெல்ஸ் நாட்டின் பெரிய தீவுக்கு மாஹே என்று பெயர் இருக்கிறதே, அது உண்மையிலேயே அவர் பெயர்தான்.

ஒலி ஒத்திருப்பதை நம்பி ஏமாறும் இன்னொரு இடம் துமா வீதி. ஆட்டோவில் ‘டூமாஸ் ஸ்ட்ரீட்’ என்று சொன்னால்தான் வண்டி கிளம்பும். வெள்ளை நகரத்தின் அழகான வீதிகளில் ஒன்று. படித்த பயணிகள் பலருக்கு உடனே ‘மான்டி கிறிஸ்டோ’ எழுதிய அலெக்ஸாந்தர் துமா நினைவுக்கு வரும். பக்கத்திலேயே நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் ரொமேன் ரோலான் பெயரில் வீதி இருப்பதால் இந்த நினைப்பு இன்னும் உறுதிப்படும். ஆனால் இந்த துமா, 1735 முதல் 1741 வரை இங்கே கவர்னராக இருந்த பெனுவா துமா. நாவலாசிரியரின் குடும்பம் வேறு. அவருடைய பாட்டி, கரீபியன் தீவு ஒன்றில் அடிமையாக இருந்த மாரி செஸெத் துமா. அவர் மகன் படையில் சேர்ந்தபோது, பிரபு வம்சத்து அப்பாவின் பெயரை விட்டுவிட்டு அம்மாவின் பெயரை எடுத்துக்கொண்டார். அந்தப் பெயர்தான் பேரனின் நாவல் அட்டைகளில் நிற்கிறது. ஒரே எழுத்து, ஒரே உச்சரிப்பு, இரண்டுக்கும் உறவில்லை.

கடலூர் கேப்பர் மலையிலும் இதே எச்சரிக்கை தேவை. சிவந்த மண்மேட்டைப் பார்த்துவிட்டு, காப்பர் என்பதுதான் கேப்பர் ஆனது, செம்பு நிறம் அல்லவா என்று ஒரு விளக்கத்தைக் கட்டிவிடலாம். கேட்பவருக்கும் சரியென்று படும். ஆனால் அது கேப்பர் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரியின் குடும்பப் பெயர். பாரதியார் 1918இல் புதுச்சேரியை விட்டு வெளியேறியபோது பிடித்து அடைத்துவைத்த கடலூர் மத்திய சிறை அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

பெயரை வைத்தது யார் என்பதும் முக்கியம். ஆட்சியாளர் வைக்கும் பெயர் ஆட்சி போனதும் போய்விடலாம். 1750 டிசம்பரில் செஞ்சிக்கு அருகே, பிரெஞ்சுக்காரரை எதிர்த்து நின்ற ஹைதராபாத் நிஜாம் நாசிர் ஜங் கொல்லப்பட்டான். அந்த வெற்றியின் நினைவாக டூப்ளே ஒரு ஊரையே எழுப்ப ஆரம்பித்தார். பெயர் டூப்ளே ஃபத்தேஹாபாத். குடும்பப் பெயரை ஊருக்குச் சூட்டுவதில் இதைவிட வெளிப்படையான முயற்சி நம் பக்கத்தில் நடந்ததில்லை. 1752இல் அந்த வழியாக வந்த கிளைவ் அதை இடித்துத் தள்ளிவிட்டுப் போனார். புதுச்சேரிக்குள் டூப்ளே பெயரில் இருந்த வீதி இன்று நேரு வீதி; தீபாவளிக்கு ஜவுளி எடுக்கப் போகிற அதே வீதி. பாரிஸ் மெட்ரோவின் 6ஆம் தடத்தில் மட்டும் டூப்ளே என்ற நிலையம் இன்னும் இருக்கிறது.

நம் ஜனங்கள் எந்த அரசாணைக்கும் கட்டுப்படாமல் தாங்களே பெயர் வைப்பவர்கள். கடற்கரைச் சாலைக்குப் புதுச்சேரியின் முதல் முதலமைச்சர் எதுவார் குபேர் பெயரை வைத்தார்கள். அங்காடிக்கும் அவர் பெயர்தான். ஆனால் வாய்ப்பேச்சில் அது பீச் ரோடு, இது பெரிய மார்க்கெட். பலகையில் இருப்பதும் வாயில் இருப்பதும் வேறு வேறாக இருக்கலாம். ஊர்ப்பெயரை ஆராய்கிறவர் இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி கதைப் பக்கம். கதாசிரியர்கள் உண்மையான குடும்பப் பெயரை எடுக்கும்போது அதன் கூடவே வரும் கனத்தையும் எடுத்துக்கொள்கிறார்கள். பெயரைப் படித்ததும் வாசகருக்கு இது நடந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை வந்துவிடும். நம் பக்கத்திலிருந்தே ஒரு உதாரணம். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ வீரநாராயண ஏரிக்கரையில், ஆடிப்பெருக்கு நாளில் தொடங்குகிறது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கத்து வீராணம் ஏரிதான் அது. வீரநாராயணன் என்பது முதலாம் பராந்தக சோழனின் பட்டப்பெயர். பட்டம் ஏரிக்குப் போய், ஊர் வாயில் தேய்ந்து வீராணம் ஆனது. நாவல் பழைய வடிவத்தை மீட்டு எழுதியது. இதில் வரலாறும் இடமும் சரியாகப் பொருந்துகின்றன.

அதே நாவலில் வந்தியத்தேவன் அன்றிரவு தங்கும் கடம்பூர் மாளிகையைப் பாருங்கள். கடம்பூர் உண்மையான ஊர், காட்டுமன்னார்கோயிலிலிருந்து பக்கம். சம்புவராயர் என்பதும் வரலாற்றில் உண்மையான குடும்பம். ஆனால் சம்புவராயர்கள் அரசாண்டு புகழ் பெற்றது பிற்காலத்தில், வடக்கே படைவீட்டுப் பக்கம். கல்கி அந்தக் குடும்பப் பெயரைக் கொண்டுவந்து இந்த ஊரில், பத்தாம் நூற்றாண்டில் குடியமர்த்தினார். கதாசிரியருக்கு அந்த உரிமை முழுமையாக உண்டு. கடம்பூரில் போய் நின்று மாளிகை எங்கே என்று தேடும் வாசகர்தான் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பழுவேட்டரையர் விஷயம் வேறு: அரியலூர் பக்கத்துப் பழுவூர்க் கல்வெட்டுகளில் அந்தக் குடும்பம் அதே ஊரில், சோழர் காலத்திலேயே இருக்கிறது. ஒரே நாவலில் ஒரு குடும்பம் தன் இடத்தில் இருக்கிறது, இன்னொன்று இடம் மாறியிருக்கிறது.

புதுச்சேரியின் பிரபஞ்சன் வேறு வழியில் போனார். ‘மானுடம் வெல்லும்’, 1995இல் சாகித்ய அகாதமி விருது பெற்ற ‘வானம் வசப்படும்’ இரண்டும் ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பை ஆதாரமாகக் கொண்ட நாவல்கள். துமாவும் டூப்ளேயும் அங்கே வீதிப் பலகையிலிருந்து இறங்கி மனிதர்களாகிறார்கள். கோபப்படுகிறார்கள், கடன் கேட்கிறார்கள், பயப்படுகிறார்கள். ஒரு பெயரைத் தெருவில் தினமும் பார்த்துவிட்டுப் பிறகு கதையில் படிப்பது வேறு அனுபவம். புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு நாவல்களையும் பள்ளியிலேயே படிக்கக் கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

உங்கள் தெருவின் பெயரை நீங்களே ஆராய நினைத்தால், வீட்டின் பழைய பத்திரத்தில் தொடங்குங்கள். நான்கெல்லை எழுதும் இடத்தில் அன்றைய தெருப்பெயர் இருக்கும்; இன்றைய பெயரோடு அது ஒத்துப்போகாவிட்டால் அங்கேதான் சுவாரஸ்யம் ஆரம்பம். தெருவில் வயதானவர் யாராவது இருந்தால், பலகையைக் காட்டாமல், சின்ன வயதில் இந்தத் தெருவை என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள் தாத்தா என்று மட்டும் கேளுங்கள். பலகையைக் காட்டினால் அதில் இருப்பதையே சொல்லிவிடுவார்கள். பிறகு பழைய வரைபடங்கள். அவற்றில் பெயர் எந்த ஆண்டிலிருந்து வருகிறது என்று பார்த்தால் பாதி விளக்கங்கள் தாமாகவே உதிர்ந்துவிடும். ஒரு ஆள் பிறப்பதற்கு முன்பே ஊருக்கு அந்தப் பெயர் இருந்தால் அது அவர் பெயராக இருக்க முடியாது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்து ஆவணங்களுக்கு இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் புதுச்சேரி மையத்துக்குப் போகலாம். பஸ்ஸில் போனால் லாஸ்பேட்டை ஜீவானந்தபுரத்துக்கு டிக்கெட் வாங்க வேண்டும்.